கார்புரேட்டர் வண்டியா, எஃப்.ஐ. வண்டியா?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பழைய பைக் பார்க்கப் போனால், விலை பேசும் முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்கிறவரே பதிலும் சொல்லிவிடுவார்: "கார்புரேட்டர்னா எங்க நின்னாலும் சரி பண்ணிக்கலாம் அண்ணாச்சி. எஃப்.ஐ. நின்னா நின்னதுதான்."

இந்தப் பேச்சை நம்பி, நன்றாக ஓடுகிற எஃப்.ஐ. வண்டியை வேண்டாமென்று தள்ளியவர்கள் உண்டு. தேய்ந்துபோன பழைய வண்டிக்குக் கூடுதல் விலை கொடுத்தவர்களும் உண்டு. அதனால் அடிப்படையிலிருந்தே பார்ப்போம். இயந்திரம் பற்றி உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பெட்ரோல் தனியாக எரியாது, காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. பெட்ரோல் கூடிவிட்டால் 'ரிச்' (பெட்ரோல் மிகுந்த கலவை) என்பார்கள். கறுப்புப் புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும், மைலேஜ் இறங்கும். குறைந்துவிட்டால் 'லீன்' (பெட்ரோல் குறைந்த கலவை). வண்டி இழுக்காது, திணறும், இன்ஜின் சூடேறும். கார்புரேட்டருக்கும் எஃப்.ஐ.க்கும் இந்த அளவைப் பிடித்துக் கொடுப்பதுதான் வேலை.

கார்புரேட்டர் எப்படி அளக்கிறது? மின்சாரம் இல்லாமலே அளக்கிறது. இன்ஜின் காற்றை உள்ளே இழுக்கும்போது, அந்தக் காற்று ஒரு குறுகலான கழுத்தைக் கடந்து போகிறது. குறுகலில் காற்றின் வேகம் கூடும், வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். கீழே ஒரு சின்னக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலை அந்தக் குறைந்த அழுத்தம் உறிஞ்சி மேலே தூவுகிறது. பூச்சி மருந்து அடிக்கும் பழைய ஃபிளிட் பம்பும் இப்படித்தான் வேலை செய்தது.

கார்புரேட்டர் சர்வீஸ் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மெக்கானிக் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் தங்கிய அழுக்கைக் கொட்டுவார். உள்ளே கட்டைவிரல் நகம் அளவில் இரண்டு பித்தளைத் துண்டுகள் இருக்கும். அவைதான் ஜெட்கள் (பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைகள்). பெரியது வேகத்துக்கு, சின்னது ஐடிலிங்குக்கு. சின்ன ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்துத் துளையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார். காற்றடித்துத் திரும்ப மாட்டுவார். பிறகு பக்கவாட்டுத் திருகை முழுக்க இறுக்கி, ஒன்றரைச் சுற்று, இரண்டு சுற்று என்று தளர்த்தியபடி இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு நிறுத்துவார். அரைமணி நேர வேலைதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அடைத்த ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்த விடாதீர்கள். பித்தளை மென்மையானது. துளை இம்மி அகன்றாலும் அன்றிலிருந்து வண்டி கூடுதல் பெட்ரோல் குடிக்கும், காரணம் யாருக்கும் தெரியாது. பழைய வண்டிகளில் 'மைலேஜே தரமாட்டேங்குது' என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எஃப்.ஐ. என்பது என்ன? ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், அதாவது பெட்ரோலைப் பீய்ச்சுதல். டேங்குக்குள் ஒரு சின்ன மின்பம்பு இருக்கிறது. சாவி போட்டதும் 'ஸ்ஸ்ஸ்' என்று இரண்டு மூன்று நொடி கேட்கிறதே, அது இந்தப் பம்பின் சத்தம். அது பெட்ரோலை அழுத்தத்தோடு இன்ஜெக்டருக்கு (மின்சாரத்தால் திறந்து மூடும் பீய்ச்சுகுழல்) அனுப்புகிறது. குழல் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி திறந்திருக்க வேண்டும் என்பதை ஈ.சி.யு. (வண்டியின் சிறு கணினி) தீர்மானிக்கிறது. காற்றின் அழுத்தம், இன்ஜின் சூடு, நீங்கள் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு முறுக்கியிருக்கிறீர்கள், புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றுக்கும் ஒரு சென்சார் இருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு. அது மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன், கணினியே இல்லாத பீய்ச்சுமுறை. அதை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். பழைய டீசல் லாரியும் டிராக்டரும் அதில்தான் ஓடின. இன்ஜின் பக்கவாட்டில் 'மைக்கோ பம்ப்' என்று நம் ஊர்க்காரர்கள் சொல்லும் கனத்த உலோகப் பெட்டி இருக்கும். உள்ளே தண்டுகள் மேலும் கீழும் ஓடி, டீசலை அளந்து, அழுத்தத்தோடு நாசிலுக்கு அனுப்பும். நெடுஞ்சாலை ஊர்களில் 'டீசல் பம்ப், நாசில் சர்வீஸ்' என்று பலகை தொங்கும் பட்டறைகள் இந்தப் பெட்டிக்காகவே பிழைத்தவை.

இந்த மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் காரில் வந்தபோது என்ன ஆனது என்பதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதற்கு இத்தாலிக்குப் போக வேண்டும்.

இத்தாலியின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் கார்புரேட்டரால் பேர் வாங்கியவை. பொலோன்யாவில் எடோர்டோ வெபர் தொடங்கிய நிறுவனத்தின் கார்புரேட்டர்கள்தான் ஃபெராரி, லம்போர்கினி, மாஸராட்டி கார்கள் பெரும்பாலானவற்றில். 1966-ல் வந்த லம்போர்கினி மியூராவின் 12 சிலிண்டருக்கு, மூன்று கழுத்து உள்ள வெபர் நான்கு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் கழுத்து. பன்னிரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கும்படி டியூன் செய்யப் பழகிய காதும் பொறுமையும் வேண்டும்.

1961-ல் மாஸராட்டி தன் 3500 ஜி.டி. காரில் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனத்து மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனைப் பொருத்தியது. காகிதத்தில் சக்தி கூடியது. ஆனால் அதைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைவு. தொல்லை பொறுக்காமல் பல உரிமையாளர்கள் அதைக் கழற்றிவிட்டுத் திரும்ப வெபர் கார்புரேட்டரை மாட்டிக்கொண்டார்கள்.

இன்னொரு இத்தாலிய கார் நிறுவனமான ஆல்ஃபா ரோமியோவின் கதை இன்னும் நெருக்கமானது. 1960-களின் கடைசியில் அமெரிக்கா வாகனப் புகைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்காக ஆல்ஃபா 1969 முதல் அமெரிக்காவுக்கு அனுப்பிய கார்களில் ஸ்பைக்கா மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனைப் பொருத்தியது. அதே கார் ஐரோப்பாவில் கார்புரேட்டரோடு விற்றது. ஸ்பைக்கா என்பது டீசல் பம்பு செய்யவே பிறந்த நிறுவனம். அதைத் தொடங்கிய பிரான்செஸ்கோ காஸானி 1942-ல் தொடங்கிய சேம் டிராக்டர் நிறுவனத்தின் வழிவந்த குழுமத்துக்கு இன்று நம் ராணிப்பேட்டையில் தொழிற்சாலை இருக்கிறது.

அந்த ஸ்பைக்கா பம்புக்குள் சென்சார் இல்லை, ஈ.சி.யு. இல்லை. அவற்றுக்குப் பதிலாக, மேடுபள்ளமாகக் கடைந்த ஒரு சிறு இரும்புத் துண்டு இருக்கிறது. இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப அது ஒரு பக்கம் நகரும், ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப இன்னொரு பக்கம் திரும்பும். அதன் மேல் ஊரும் ஒரு முள் எந்த மேட்டில் நிற்கிறதோ, அந்த அளவு பெட்ரோல் போகும். மலை ஏறினால் காற்றழுத்தத்தை உணர ஒரு சிறு சிமிழ். இன்ஜின் சூட்டை உணர இன்னொரு குழல். மனிதர் கையால் இவ்வளவு கணக்கை இரும்பில் கடைந்து வைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் பிரமிப்பு.

அந்தச் சூட்டுக் குழல் பழசானதும் இன்ஜின் சூடேறியது பம்புக்குத் தெரியாமல் போகும். அது பெட்ரோலை அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் பல மெக்கானிக்குகள் குழலை மாற்றுவதற்குப் பதிலாகப் பம்பையே குறை சொன்னார்கள். அங்கேயும் வெபர் மாட்டுவது வழக்கமாயிற்று. பின்னாளில் ஸ்பைக்காவைப் படித்துத் தேர்ந்த சிலர் வந்தார்கள். சரியாக அமைத்தால் அது நன்றாகவே ஓடும் என்று காட்டினார்கள். இப்போது கழற்றியதைத் தேடிப் பிடித்துத் திரும்ப மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இதே போக்கு இருந்தது. ஹீரோ ஹோண்டா 2006-லேயே கிளாமர் எஃப்.ஐ. விற்றது. பஜாஜ் 2007-ல் பல்சர் 220-ஐ எஃப்.ஐ.யோடு இறக்கியது. 2009-ல் அதே 220-ஐக் கார்புரேட்டருக்கு மாற்றி, விலையைக் குறைத்து விற்றது. அந்த வண்டிதான் தெருவெல்லாம் ஓடியது. பிறகு 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 (புகையின் நச்சுக்கு அரசு வகுத்த வரம்பு) கட்டாயமானது. அந்த வரம்பைக் கார்புரேட்டரால் எட்டுவது கடினம். ஸ்ப்ளெண்டர், புல்லட், டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வரை ஏறத்தாழ எல்லாமே எஃப்.ஐ. ஆகின. கிராமங்களிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகளுக்குப் பால் கேன் தூக்கிவரும் எக்ஸ்.எல்.லுக்குள்ளும் இன்று ஒரு கணினி இருக்கிறது.

ஆகவே 'நின்னா நின்னதுதான்' என்ற பேச்சு 2007-க்குப் பொருந்தியது. இன்று ஆறு வயதுக்குட்பட்ட பெட்ரோல் வண்டி ஏறத்தாழ எல்லாமே எஃப்.ஐ. என்பதால், அதைப் படித்தவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். ஸ்கேனர் (வண்டிக் கணினியின் பிழை எண்ணைப் படிக்கும் கருவி) வைத்திருக்கிற பட்டறை எது என்று நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி உங்கள் அன்றாடத்துக்கு வருவோம்.

நடுவழியில் நின்றால்? இந்த இடத்தில் கார்புரேட்டர்க்காரர் சொல்வது சரி. பேட்டரி முழுக்கச் செத்தாலும் பெரும்பாலான கார்புரேட்டர் வண்டிகளைக் கிக்கரை உதைத்துக் கிளப்பலாம். எஃப்.ஐ.யில் பம்புக்கே மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு போனால் பெரும்பாலான வண்டிகளில் உதைத்தும் பயனில்லை, தள்ளியும் பயனில்லை. ஆனால் பேட்டரி ஒரே நாளில் சாவதில்லை. காலையில் செல்ஃப் மந்தமாகச் சுற்றும், ஹாரன் சத்தம் மெலியும், ஐடிலிங்கில் லைட் மங்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த வாரமே பேட்டரியைச் சோதித்துவிடுங்கள். மதுரை ரோட்டில் நடுராத்திரி நிற்கும் எஃப்.ஐ. வண்டிகளில் பல, உண்மையில் எஃப்.ஐ. கோளாறால் நின்றவை அல்ல.

பெட்ரோலை அடிமட்டம் வரை ஓட்டலாமா? கார்புரேட்டர் வண்டியில் ரிசர்வ் திருப்பி ஓட்டிய பழக்கம் நமக்கு. எஃப்.ஐ.யில் அதை விட்டுவிடுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்பு, தன்னைச் சுற்றியுள்ள பெட்ரோலில்தான் குளிர்ச்சியடைகிறது. 50 ரூபாய்க்கும் 100 ரூபாய்க்கும் போட்டுக் காய்ந்த டேங்கோடு ஓட்டினால் பம்பு சூடாகிச் சீக்கிரம் போகும். மாற்ற ஆயிரக்கணக்கில் ஆகும். விளக்கு எரிந்ததும் போடுங்கள்.

மலை ஏறினால் என்ன வித்தியாசம்? கொடைக்கானல் உயரத்தில் காற்றின் அடர்த்தி நம் ஊரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஜெட் துளை அதற்கேற்பச் சுருங்காது. கார்புரேட்டர் வண்டி மேலே போகப் போக ரிச் ஆகும், கரி அடைக்கும், இழுவை குறையும். எஃப்.ஐ. தானே குறைத்துக்கொள்ளும். சின்னமனூர் சுற்றி மேகமலைக்கோ, போடி வழி மூணாற்றுக்கோ அடிக்கடி போகிறவர் எஃப்.ஐ. எடுப்பதே நல்லது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மட்டும் ஓடுகிறவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிக் கேட்பீர்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இதுதான் முக்கியம். இப்போது பெட்ரோல் பங்கில் கிடைப்பது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் பெட்ரோலைவிட எரிசக்தி குறைவு, அதற்குக் காற்றும் குறைவாகவே வேண்டும். அதனால் பழைய அளவு ஜெட்டோடு ஓடும் கார்புரேட்டர் வண்டி சற்று லீன் ஆகிறது. காலையில் கிளப்ப அடம்பிடிப்பதும், சோக்கைத் தள்ளியதும் அணைவதும் இதனாலும் இருக்கலாம். ஈ20-க்கென அமையாத பழைய இருசக்கர வாகனங்களில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. எஃப்.ஐ. வண்டி, புகை சென்சார் சொல்வதைக் கேட்டு ஓரளவு தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் எத்தனாலில் இல்லாத சக்தியை அதனாலும் உண்டாக்க முடியாது.

இன்னொன்று, எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரையும் கெடுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் நிற்கும் வண்டியில் டேங்க் மூடி ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் உள்ளே போகும். எத்தனால் அதைப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கும். பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர் பெட்ரோல் டியூப், கிண்ணத்து வாஷர், ஊசி வால்வு மூன்றையும் ஒருமுறை புதிதாக மாற்றிவிடுவது நல்லது. செலவு சில நூறு ரூபாய்தான். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்க் அடியிலுள்ள பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்து அடித் திருகைத் தளர்த்திப் பெட்ரோலை வடித்துவிடுங்கள். மகன் வெளியூரில் படிக்கிறான், வண்டி வீட்டில் தூங்குகிறது என்ற நிலையில் எஃப்.ஐ. வண்டிக்குச் செய்ய வேண்டியது வேறு. பேட்டரி இறங்காமல் இருக்க வாரம் ஒருமுறை கால்மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

பழைய எஃப்.ஐ. வண்டியை வாங்கும்போது எதைப் பார்ப்பது? சாவியைத் திருப்பியதும் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். வண்டி கிளம்பியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு இருக்கிறது. சாவி போட்டும் எரியவே இல்லையென்றால் இன்னும் கவனமாக இருங்கள், விளக்கின் வயரை யாரோ பிடுங்கியிருக்கலாம். பம்பின் 'ஸ்ஸ்ஸ்' கேட்கிறதா என்று டேங்கில் காது வைத்துப் பாருங்கள்.

கார்புரேட்டர் வண்டியானால் இன்ஜின் ஆறியிருக்கும் நேரத்தில் போங்கள். நீங்கள் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். சோக் இல்லாமல் ஐடிலிங்கில் சீராக நிற்கிறதா, கிண்ணத்தடியில் பெட்ரோல் கசிவு இருக்கிறதா, பிளக் வெளிர்பழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் கறுத்திருந்தால் ரிச், வெளுத்திருந்தால் லீன்.

எஃப்.ஐ. வண்டி தொல்லை கொடுத்தால் கார்புரேட்டரை மாற்றி மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை அப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. காப்பீடு கேட்கும் நேரத்திலும் சிக்கல் வரும். சைலன்ஸருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிட்டிக் கன்வர்ட்டரும் எரியாத பெட்ரோல் பட்டுக் கெட்டுப்போகும். ஸ்பைக்காவைக் கழற்றியவர்களைப் போல, ஒரு குழலோ ஒரு சென்சாரோ மாற்றினால் தீர்ந்திருக்கும் கோளாறுக்கு வண்டியையே பாழாக்குவீர்கள்.

என் முடிவைக் கேட்டால் இதுதான். தினமும் ஓட்டப் போகிறவருக்கு எஃப்.ஐ. வண்டியே நல்லது: புகை குறைவு, மைலேஜ் சீராக இருக்கும், காலையில் ஒரு தட்டில் கிளம்பும். நல்ல நிலையில் உள்ள கார்புரேட்டர் வண்டி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் பயந்து விற்க வேண்டாம்; ரப்பர்களை மாற்றி, ஜெட்டைக் கம்பி படாமல் காத்து ஓட்டுங்கள். புதிதாகக் கார்புரேட்டர் வண்டி வாங்குவதானால், அது பெரும்பாலும் 2020 மார்ச்சுக்கு முந்தியதாக இருக்கும் என்பதை வைத்து விலை பேசுங்கள். எதை வாங்கினாலும், முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் வழக்கமான மெக்கானிக்கிடம் போய், அந்த மாடலைப் பிரித்துப் பழக்கம் உண்டா, ஸ்கேனர் இருக்கிறதா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.